பழைய 407-க்கு சைலன்சர் செட் முழுசா மாற்ற வேண்டுமா, கெட்டதை மட்டும் மாற்றினால் போதுமா?

உப்புவண்டி407

வணக்கம். வண்டி டாடா 407 மினி லாரி, 2009 மாடல், டர்போ உள்ளது. நான் மூன்றாவது ஓனர், ஓட்டுவதும் நானே. அகஸ்தியம்பள்ளி, கடிநெல்வயல் உப்பளங்களில் மூட்டை ஏற்றிக்கொண்டு திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, சில நாள் தஞ்சாவூர் வரை போய் வருவேன். உப்பு ஏற்றும் வண்டியின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி, கிடைத்த இரும்பை எல்லாம் தின்றுகொண்டே இருக்கும்.

இரண்டு மாதமாகச் சத்தம். முதலில் ஏற்றத்தில் மிதித்தால் மட்டும் படபடவென்று அடித்தது, இப்போது ஐடிலிலேயே டிராக்டர் மாதிரி. போன ஞாயிற்றுக்கிழமை சாக்கு விரித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். முன் பைப்பும் ஃப்ளெக்சிபிளும் (மடிப்பு மடிப்பாக வளைந்து கொடுக்கும் குழாய்) சேருகிற இடத்தில் சுற்றிலும் மை தடவினது போல கரி. சைலன்சரின் பின்பக்கத் தட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன், நமத்துப்போன பிஸ்கட்டைக் குத்தினது போல உள்ளே போய்விட்டது. டெயில் பைப்பை ஒரு கட்டுக்கம்பிதான் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதுவும் நான் கட்டியது.

முன் பைப்புக்கு ஏற்கெனவே மூன்று முறை வெல்டிங் வைத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் நாலு மாதம்கூட ஓடாமல் அதே இடத்தில் விடுகிறது.

ஸ்பேர் கடையில் கேட்டால் முன் பைப், ஃப்ளெக்சிபிள், சைலன்சர், டெயில் பைப், கிளாம்ப் எல்லாம் கம்பெனி சரக்காகப் போட்டு, கூலியோடு 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அடுத்த மாதம் எஃப்சி (தகுதிச் சான்று சோதனை) வேறு இருக்கிறது. அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் இப்போது கையில் அவ்வளவு இல்லை.

கேட்க விரும்புவது: முழு செட்டும் மாற்றத்தான் வேண்டுமா? சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய செட் வாங்கி வந்து மாட்டலாமா? எங்கள் ஊர் வெல்டர் வீட்டுக்குப் போடும் தண்ணீர் பைப்பிலேயே செய்து தருகிறேன், ஆயுசுக்கும் வரும் என்கிறார், அது சரிப்படுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஹைவே_ராஜா

நண்பா, சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு நேர் பைப் போட்டுவிடுங்கள். செலவு ஆயிரத்துக்குள் முடியும், டர்போ வண்டி நல்லா மூச்சு விடும், மைலேஜும் கூடும். எங்கள் பக்கம் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது.

பழைய_பட்டறை

ராஜா தம்பி, சத்தம் கூடினால் வண்டி இழுக்கிற மாதிரி நமக்குத் தோன்றும், அவ்வளவுதான். 407-ல் இருக்கிற சைலன்சர் அந்த 2,956 சிசி எஞ்சினுக்கு அளவாகத்தான் இருக்கிறது, அடைக்காமல் இருந்தால் போதும். அவருக்கு அடுத்த மாதம் எஃப்சி. சைலன்சர் இல்லாத வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் சாவியைத் திருப்பிய உடனேயே தெரிந்துவிடும், வேறு எதையும் பார்க்காமலே திருப்பி அனுப்புவார்.

இனி உப்புவண்டிக்காரருக்கு. நான் இருபது வருடத்துக்கு மேலாக பட்டறை வைத்திருக்கிறேன், லாரியும் வேனும்தான் அதிகம். உங்கள் பதிவில் எனக்கு உறுத்தியது சைலன்சர் ஓட்டை இல்லை. உப்பு ஏற்றுகிற வண்டியில் சைலன்சர் துருப்பிடிப்பது இயற்கை, அது தேய்மானக் கணக்கில் போகும். முன் பைப் மூன்று முறை அதே இடத்தில் விட்டது என்கிறீர்களே, அதுதான் விஷயம். அது துரு இல்லை, ஆட்டம். 14,000 ரூபாய் கொட்டிப் புது செட் மாட்டினாலும் அந்த ஆட்டம் இருக்கிற வரை நாலாவது முறையும் அங்கேயே விடும்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்து ஆடுகிறது, சைலன்சர் சேசிஸில் தொங்குகிறது. ஒன்று ஆடுவது, ஒன்று ஆடாதது. இரண்டுக்கும் நடுவில் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஃப்ளெக்சிபிள் வைத்திருக்கிறான். மவுண்டிங் ரப்பர் வெடித்துப்போனால் எஞ்சின் ஆட்டம் இரண்டு மடங்காகும். அதோடு ஃப்ளெக்சிபிள் துருவேறி இறுகிவிட்டால், அல்லது யாராவது அதன் மேலேயே வெல்டிங் வைத்து நிரப்பிவிட்டால், ஆட்டம் முழுவதும் முன் பைப்பின் வெல்டிங்குக்குப் போகும். அது எத்தனை நாள் தாங்கும்?

பார்ப்பது சுலபம். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒருவரை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், பிறகு அணைக்கச் சொல்லுங்கள். அணைக்கும்போது எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி நிற்கும். அந்த உலுக்கலில் எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கி இறங்கினால், மவுண்டிங்கில் இரும்பும் இரும்பும் தட்டுகிற 'டொக்' கேட்டால், ரப்பர் போய்விட்டது. முதலில் அதை மாற்றுங்கள். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்களையும் பாருங்கள். நீங்கள் கட்டிய கட்டுக்கம்பியும் ஒரு குற்றவாளி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்பி விறைப்பாகப் பிடித்தால் ஆட்டம் முன்னால்தான் திரும்பும். நிறையப் பேர் டெயில் பைப்பை சேசிஸோடு சேர்த்தே வெல்டிங் வைக்கிறார்கள், அதுவும் இதே கதை.

இப்போது எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது என்று என் கணக்கு. முன்பக்கம் கெட்டி, பின்பக்கம் சிக்கனம். டர்போவிலிருந்து இறங்கும் ஃப்ளேஞ்ச் (பைப் முனையில் நட்டு போட்டு இறுக்கும் தட்டு), அதன் பேக்கிங் (இடையில் வைக்கும் அடைப்பு), நட்டு, ஃப்ளெக்சிபிள், இவை நல்லதாக இருக்க வேண்டும், ஏனென்றால் சூடும் ஆட்டமும் அங்கேதான் அதிகம். முன் பைப்பையே புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய ஃப்ளேஞ்ச் நேராக இருந்தால் அதை வெட்டி எடுத்து, வளைவுக்குப் புது பைப் வைத்துச் செய்துவிடலாம். சைலன்சர் லோக்கல் தயாரிப்பு போதும், உங்கள் வண்டியில் எப்படியும் உப்பு அதைத் தின்னத்தான் போகிறது. கையில் தூக்கிப் பார்த்து கனமாக இருப்பதை எடுங்கள். தட்டினால் டங்கென்று ஒரே சத்தம் வர வேண்டும், உள்ளே கலகலத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். டெயில் பைப் வெறும் குழாய், எந்தப் பட்டறையிலும் செய்துகொள்ளலாம்.

தண்ணீர் பைப் வேண்டாம். காரணம் கேட்டால் இரண்டு. ஒன்று கனம், சுவர் தடிமன் அதிகம், அத்தனை எடையும் ஃப்ளேஞ்ச் ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைக்கம்பி) தொங்கும். இரண்டாவது அளவு. 2 அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய தண்ணீர் பைப்) என்று கடையில் கொடுப்பானே, அதன் வெளிவிட்டம் 2 அங்குலம் இல்லை, 60.3 மில்லிமீட்டர். தண்ணீர் பைப்புக்குச் சொல்லும் அளவு உள்துளைக்கான தோராய அளவு, சைலன்சர் பைப்புக்குச் சொல்வது வெளிவிட்டம். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. அப்புறம் வெல்டர் இடைவெளியை ராடு வைத்து நிரப்புவார், அங்கிருந்துதான் அடுத்த லீக். 16 கேஜ் எம்எஸ் (சாதா இரும்பு) டியூப் கேளுங்கள், 1.6 மி.மீ. தடிமன் வரும். முன்பக்கத்துக்கு மட்டும் 14 கேஜ், அதாவது 2 மி.மீ., போட்டால் இன்னும் நல்லது.

பைப் அளவெடுக்க காலிபர் இல்லையென்றால் ஒரு சணல் நூலைப் பைப்பைச் சுற்றி வைத்து, நூலை அளந்து 3.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நூல் 20 செ.மீ. வந்தால் பைப் இரண்டரை அங்குலம். துரு செதில் இல்லாத இடமாகப் பார்த்து அளக்கவும். எந்தக் காரணத்துக்காகவும் பழைய பைப்பைவிடச் சின்ன அளவு போடாதீர்கள். புகை வெளியேற முடியாமல் முட்டினால் டர்போ சூடாகும், இழுவை குறையும், அதற்கு நீங்கள் டீசலில் காசு கட்டுவீர்கள்.

வெல்டர்_குடந்தை

மேலே அண்ணன் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டார். ஜிஐ பைப்பில் வெல்டிங் வைத்தால் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும். அதை மூடின பட்டறையில் மூச்சில் இழுத்தால் அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும், எனக்கு வந்திருக்கிறது, மலேரியா என்று நினைத்து ரத்தமெல்லாம் டெஸ்ட் எடுத்தேன். பற்றவைக்கிற இடத்தில் பூச்சு எரிந்துபோவதால் துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கும். ஆயுசுக்கும் வரும் என்பது சும்மா.

வண்டியில் வைத்தே வெல்டிங் செய்வதாக இருந்தால் பேட்டரி எர்த் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் மெஷின் எர்த்தை வேலை நடக்கிற பைப்பிலேயே கவ்வ வைக்க வேண்டும், பம்பரில் மாட்டிவிட்டு நடுவில் பற்றவைத்தால் கரண்ட் பேரிங் வழியாகவோ ஆல்டர்னேட்டர் வழியாகவோ போகும். பக்கத்தில் பிரேக் ஆயில் ஹோஸ், டீசல் லைன் இருந்தால் ஈரச்சாக்கு போர்த்திவிடுங்கள். நான் எப்போதும் இடம் பார்த்து புள்ளி வைத்துவிட்டு, கழற்றிக் கீழே இறக்கித்தான் முழு வெல்டிங் போடுவேன். படுத்துக்கொண்டு தலைக்கு மேல் போட்ட வெல்டிங்கில் பைப்பின் மேல்பக்கம் எப்போதும் அரைகுறைதான், கண்ணுக்குத் தெரிகிற அடிப்பக்கம் மட்டும் அழகாக இருக்கும்.

நாமக்கல்_லோடு

புதுப்பேட்டை பற்றிக் கேட்டிருந்தீங்க. நான் அங்கே பொருள் வாங்கியிருக்கேன், அதனால் சொல்றேன். சைலன்சரைப் பழசா வாங்காதீங்க. அது உள்ளே இருந்துதான் அரிக்கும், வெளியே பளபளப்பா பெயின்ட் அடிச்சு வச்சிருப்பாங்க, நாலு மாசத்தில் அடித்தட்டு பெயர்ந்து விழும். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளியே வருதுங்க. சூடா இருக்கும்போது அது பறந்துடும், பக்கத்துப் பக்கத்து ஓட்டமா இருந்தா சைலன்சர் முழுசா சூடாகாமலே அந்தத் தண்ணி உள்ளேயே தேங்கும். சைலன்சர் அடியில் சின்னதா ஒரு துளை இருக்கும் பாருங்க, அது அந்தத் தண்ணி வடியத்தான். ஓட்டைன்னு நினைச்சு அதை அடைச்சுடாதீங்க, எங்க டிரைவர் ஒருத்தர் அதை ஸ்க்ரூ போட்டு அடைச்சார்.

பழசில் வாங்கலாம்னா மேனிஃபோல்டு (எஞ்சின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு விடற பாகம்) வாங்கலாம். அது வார்ப்பிரும்பு, அவ்வளவு சீக்கிரம் துரு தின்னாது. விரிசல் இல்லாம, முகம் வளையாம இருந்தால் போதும். இரும்பு ஸ்கேலை நேராக வச்சு வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க, இடைவெளி தெரிஞ்சா லேத்தில் ஃபேஸிங் அடிக்கணும். உங்க வண்டிக்கு அது தேவைப்படாதுன்னுதான் நினைக்கிறேன்.

விலை விசாரிக்கும்போது இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22-லிருந்து வாகன உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கு. சில கடையில் பழைய விலைப் பட்டியலைத்தான் இன்னும் காட்டறாங்க. கேட்டு வாங்குங்க. உங்களுக்கு 14,000 சொன்ன கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா விலை எழுதித் தரச் சொல்லுங்க, அப்பவே ரெண்டாயிரம் குறையும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

எஃப்சிக்கு முன்னாடி டெயில் பைப் வாய் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கவனிங்க. புகை கீழ்நோக்கியோ இடது பக்கமோ போகக்கூடாது, பின்பக்கமா அல்லது வலது பக்கமா போகணும்ங்கறது மோட்டார் வாகன விதி. டீசல் லைனுக்கும் புகைக்குழாய்க்கும் 35 மி.மீ. இடைவெளியாவது இருக்கணும். லோக்கலா பைப் வளைக்கிறவங்க இந்த ரெண்டையும் பார்க்க மாட்டாங்க, எங்கே இடம் கிடைக்குதோ அங்கே விட்டுடுவாங்க. எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, ஒரு தடவை ஒழுங்கா பண்ணிட்டா அடுத்த தடவையும் அதே பைப்போடு போகலாம்.

புகை டெஸ்டும் அப்படித்தான். பிஎஸ்-4 (புகை மாசு விதி) வர்றதுக்கு முந்தின டீசல் வண்டிக்கு புகை அடர்த்தி அளவு 2.45-க்குள்ள இருக்கணும். கறுப்புப் புகை அதிகமா வந்தா சைலன்சரைக் குறை சொல்லாதீங்க, ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பாருங்க. டர்போவுக்கு முன்னாடி, மேனிஃபோல்டு பேக்கிங்கில் லீக் இருந்தாலும் கறுப்பா வரும், டர்போவைச் சுத்தற காத்து வழியிலேயே போயிடுதில்ல.

உப்புவண்டி407

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி பானெட்டைத் திறந்து வைத்து மச்சினனை ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொன்னேன். எஞ்சின் நாய் உடம்பைச் சிலிர்த்தது போல ஒரு உலுக்கு, கூடவே அந்த 'டொக்'. இடது பக்க மவுண்டிங் ரப்பர் இரண்டாகப் பிளந்து, நடுவில் விரல் போகிற அளவுக்கு இடைவெளி. ஐந்து வருடமாக இதை ஓட்டுகிறேன், ஒரு மெக்கானிக்கும் சொன்னதில்லை, நானும் பார்த்ததில்லை.

ஆனால் இப்போது ஒரு சிக்கல். டர்போ பக்கம் முன் பைப் ஃப்ளேஞ்சைக் கழற்றலாம் என்று ஸ்பேனர் போட்டேன், ஒரு நட்டு முனை மழுங்கிவிட்டது. பயந்துபோய் விட்டுவிட்டேன். ஸ்டட் உள்ளே ஒடிந்தால் என்ன செய்வது?

இன்னொரு சந்தேகம், இதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு மாதமாக சாயங்காலமானால் தலைவலி வருகிறது, வெயிலில் ஓட்டுவதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய_பட்டறை

தலைவலிக்கு முதலில் பதில். அது வெயில் இல்லை, புகை. லீக் இருப்பது கேபினுக்கு நேர் கீழே. கியர் லிவர் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, பெடல் துளைகளில் அடைப்பு ரப்பர் இருக்கிறதா பாருங்கள், அது வழியாகத்தான் மேலே ஏறுகிறது. பெட்ரோல் அளவுக்கு இல்லையென்றாலும் டீசல் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசனையே கிடையாது. வேலை முடிகிற வரை இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள், லோடுக்குக் காத்திருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு கேபினில் படுக்கவே படுக்காதீர்கள்.

இனி ஸ்டட். நல்ல வேளை நிறுத்தினீர்கள். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனரை இனி தொடாதீர்கள், ஆறு மூலை சாக்கெட் மட்டும் போடுங்கள். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள், காலையில் இன்னொரு முறை. நட்டை முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள், துரு உடைகிற சத்தம் 'கிறீச்' என்று வரும், அதன் பிறகுதான் கழற்றுகிற பக்கம். வந்தால் கால் சுற்று, திரும்ப உள்ளே, மறுபடி அரைச் சுற்று. ஒரே மூச்சில் திருப்பினால்தான் ஒடியும். அசையவே இல்லையென்றால் கேஸ் டார்ச்சில் நட்டை மட்டும் சிவக்கச் சூடாக்கித் திருப்ப வேண்டும், ஆனால் ஸ்பிரே அடித்த கையோடு நெருப்பு காட்டக் கூடாது, துடைத்துவிட்டுத்தான். மழுங்கின நட்டை கிரைண்டரில் ஒரு பக்கம் அறுத்து உளியால் பிளந்துவிடுங்கள், நட்டு பத்து ரூபாய், ஸ்டட்டைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

அப்படியும் ஒடிந்தால் உலகம் முடிந்துவிடாது. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பி, சிவப்பு அடங்கியதும் திருப்பினால் பத்தில் எட்டு தடவை வந்துவிடும், அந்தச் சூடே பாதி வேலையைச் செய்யும். தட்டையாக ஒடிந்தால்தான் நடு பார்த்து டிரில் போட வேண்டும், அதை நீங்கள் செய்யாதீர்கள், லேத்துக்குக் கொடுங்கள்.

மாட்டும்போது செம்பு நட்டு கேட்டு வாங்குங்கள், துருவில் பிடித்துக்கொள்ளாது. கடையில் சில சமயம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் பேக்கிங் வெட்டித் தருவார்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, ரெடிமேட் பேக்கிங் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, எஞ்சின் ஆறினதும் நட்டு எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும். புது பேக்கிங் சூட்டில் அமுங்கும்.

ஹைவே_ராஜா

சரி அண்ணே, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் வண்டியிலும் அந்த மவுண்டிங்கைப் பார்க்கணும் போலிருக்கு. ஒரு கேள்வி: வேலை செய்யும் வரைக்கும் நாலு நாள் ஓட்டியாகணும் என்றால் ஓட்டையை எதை வைத்து அடைப்பது? போன முறை எபாக்ஸி பசை அப்பினேன், அரை மணி நேரத்தில் கருகிக் கொட்டியது.

வெல்டர்_குடந்தை

எபாக்ஸி அந்தச் சூட்டில் நிற்காது. எண்ணெய் டின் தகட்டை வெட்டி, ஓட்டைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, ரெண்டு பக்கமும் ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தகட்டுக்கு அடியில் சைலன்சர் பேஸ்ட் தடவினால் இன்னும் கொஞ்சம் நிற்கும். நாலு நாளைக்குத்தான், நாலு மாதத்துக்கு இல்லை. சைலன்சர் உடம்பில் ஓட்டை என்றால் இதுவும் உதவாது, நல்ல தகடு இருக்கிற இடம் வரை போய்ப் பிடித்தால்தான் பிடி கிடைக்கும்.

உப்புவண்டி407

வேலை முடிந்தது, கணக்கு எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

நட்டு மூன்றில் இரண்டு ஊறவைத்து வந்துவிட்டது, மழுங்கினதை அறுத்துப் பிளந்தோம். ஸ்டட் எதுவும் ஒடியவில்லை. முன் பைப்பின் பழைய ஃப்ளேஞ்சை வெட்டி எடுத்து 14 கேஜ் டியூபில் வளைத்துப் பற்றவைத்தோம், கழற்றிக் கீழே வைத்துத்தான். சைலன்சர் லோக்கல், 3,200. ஃப்ளெக்சிபிள் 850. பைப் 900. பேக்கிங், செம்பு நட்டு 450. கிளாம்பும் தொங்கு ரப்பரும் 500. மவுண்டிங் ரப்பர் இரண்டு பக்கமும் சேர்த்து 1,100. கூலி 1,600. மொத்தம் 8,600 ரூபாய். மவுண்டிங்கைக் கழித்தால் 7,500, கடைக்காரர் சொன்னதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும்.

பழைய ஃப்ளெக்சிபிளைக் கழற்றிக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன். வளையவே இல்லை, உலக்கை மாதிரி இருந்தது. முன்பு வெல்டிங் வைத்தவர் அதன் மடிப்புகளின் மேலேயே இரண்டு வரிசை ஓட்டியிருக்கிறார். பழைய சைலன்சரை மச்சினன் ஆர்வத்தில் வெட்டிப் பார்த்தான், உள்ளே தடுப்புத் தகடு ஒன்றுகூட இடத்தில் இல்லை, ஒரு படி துருத்தூள் கொட்டியது.

மேலே உப்புத் தண்ணீர் விழாமல் இருக்க, சைலன்சருக்கு மேலே ஒரு பழைய தகரத்தை மறைப்பாகத் தொங்கவிட்டிருக்கிறேன், சைலன்சரைத் தொடாமல் மூன்று விரல் இடைவெளியில். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுகிறேன். கியர் லிவர் பூட்டும் மாற்றியாயிற்று. நேற்று தஞ்சாவூர் வரை போய் வந்தேன், தலைவலி இல்லை. நூறு கிலோமீட்டர் தாண்டியதும் நட்டு இறுக்கினேன், இரண்டு நட்டு நிஜமாகவே கால் சுற்றுப் போனது.

சத்தம் அடங்கின பிறகு இன்னொன்று கேட்கிறது. பின்னால் எங்கோ 'கடக் கடக்', பள்ளத்தில் இறங்கினால் மட்டும். இத்தனை நாள் சைலன்சர் சத்தத்தில் காதில் விழாமல் இருந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டையின் புஷ்ஷா, கதவுச் சங்கிலியா என்று தெரியவில்லை.

பழைய_பட்டறை

கதவுச் சங்கிலியைக் கயிற்றால் கட்டிவிட்டு ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். அப்பவும் கேட்டால் பின் ஸ்பிரிங் ஷேக்கில் பின்னும் புஷ்ஷும். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், அது நீளமான கதை.